நாளுக்கு நாள் மெதுவாகும் கணினி: காரணத்தை எங்கிருந்து தேடுவது?

“சிஸ்டம் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு சார், ஃபார்மேட் போட்டுடலாமா?”

தண்டையார்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வட்டாரத்துக் கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கணினி பார்த்துக் கொடுக்கும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. நோயும் மருந்தும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டுவிடுகின்றன. நடுவில் இருக்க வேண்டிய காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஃபார்மேட் செய்தால் கணினி சில வாரங்களுக்கு வேகமாக ஓடும் என்பது பல நேரங்களில் உண்மைதான். ஆனால் மெதுவானதற்குக் காரணம் தூசியாகவோ, பழுதாகிவரும் வன்தட்டாகவோ (ஹார்ட் டிஸ்க்), ஆண்டுக்கணக்கில் குவிந்த கணக்குப் பதிவுகளாகவோ இருந்தால், ஒரு நாள் முழுவதும் செலவழித்து எல்லாவற்றையும் மறுபடி நிறுவிய பிறகும் அந்தக் காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நேற்று வரை நன்றாக ஓடி இன்று காலையில் மெதுவான கணினியைப் பார்ப்பது எளிது. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகும் கணினிக்கு அப்படிப்பட்ட ஒரு நாள் கிடையாது. பொத்தானை அழுத்திப் பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் மனிதக் கண்ணுக்கு அது உடனடியாகவே தெரிகிறது. ஒரு விநாடி வரை பொறுத்துக்கொள்கிறோம். பத்து விநாடிகளைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது. ஆகவே அரை விநாடி முக்கால் விநாடியாக வளரும் மாதங்களில் யாரும் எதையும் கவனிப்பதில்லை; ஒரு விநாடியைத் தாண்டும் வாரத்தில்தான் “திடீர்னு ஸ்லோ ஆயிடுச்சு” என்கிறார்கள். அந்த வாரத்தில் தற்செயலாக நிறுவிய ஏதோ ஒரு மென்பொருளின் மீது பழி விழுகிறது.

இதனால்தான் முதலில் கடிகாரத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் கையில் எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன். கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். கணினியை இயக்கியதிலிருந்து பிரவுசரில் ஒரு பக்கம் முழுமையாகத் தெரியும் வரை ஆகும் நேரம், நாள்தோறும் திறக்கும் ஒரு கோப்பு திறக்க ஆகும் நேரம், 1 ஜி.பி. அளவுள்ள ஒரு கோப்பை நகலெடுக்க ஆகும் நேரம் ஆகிய மூன்றை மட்டும் எழுதி வைத்தால் போதும். பக்கத்திலேயே தேதி, மணி, கடைசியாக ரீஸ்டார்ட் செய்து எத்தனை நாளாயிற்று என்பதையும் குறிக்க வேண்டும். கோப்பு திறக்கும் சோதனையை மூன்று முறை செய்து, முதல் அளவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை படித்த கோப்பை இயக்க முறைமை நினைவகத்தில் வைத்துக்கொள்வதால், இரண்டாம் முறை எப்போதுமே வேகமாகத்தான் இருக்கும். கணினி நன்றாக ஓடும் காலத்திலேயே இந்தக் கணக்கு ஒன்று எழுதப்பட்டிருந்தால் அதைவிடச் சிறந்த துணை வேறில்லை. நான் பார்த்த கடைகளில் அப்படி எழுதி வைத்திருந்தவர்களை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம்.

அளவெடுத்த பிறகு, கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மெதுவான கணினி பெரும்பாலும் நான்கில் ஒன்றுக்காகக் காத்திருக்கிறது: கணக்குப் போடும் செயலி, கையில் இருக்கும் வேலையை விரித்து வைக்கும் நினைவகமாகிய ரேம், எல்லாவற்றையும் நிரந்தரமாக வைத்திருக்கும் வன்தட்டு அல்லது சுழலும் பகுதி இல்லாத சேமிப்புச் சாதனமாகிய எஸ்.எஸ்.டி., வெளியிலிருந்து தரவு வந்து சேரும் வலைப்பின்னல். இவற்றுக்கு இடையிலுள்ள வேக வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது புரிந்தால் மற்றவை தாமாகவே புரியும். நினைவகத்திலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி ஆகிறது, எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க 100 மைக்ரோ விநாடி அளவிலும், சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க 10 மில்லி விநாடி அளவிலும் ஆகிறது. மேசையில் இருக்கும் காகிதத்தை எடுக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்.எஸ்.டி. என்பது தெருமுனைக் கடைக்குப் போய்வரும் 17 நிமிடம். வன்தட்டு என்பது எழும்பூரில் ரயிலேறிக் கன்னியாகுமரிக்குப் போய் அடுத்த ரயிலில் திரும்பி வருவதைப் போல ஏறத்தாழ 28 மணி நேரம். நினைவகம் போதாமல் வன்தட்டை நாடும் கணினி ஏன் அப்படித் தவிக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 1996இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 4.0 காலத்திலிருந்தே இது உடன் வருகிறது. ஆனாலும் தொங்கிப்போன நிரலை மூடுவதற்கு மட்டுமே பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதன் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் நான்கு வரைபடங்களும் இருக்கின்றன. கணினி மெதுவாக இருக்கும் அந்த நிமிடத்திலேயே இதைத் திறந்து பார்க்க வேண்டும். நன்றாக ஓடும்போது பார்த்து ஒன்றும் தெரியாது. இதிலுள்ள எண்களைப் படிப்பதில் ஒரு வழுக்கல் உண்டு. எட்டுப் பணிகளை ஒரே நேரத்தில் செய்யக்கூடிய செயலியில் ஒரே ஒரு இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு பணியாக மட்டும், ஓடும் பழைய மென்பொருள் முழு மூச்சோடு உழைத்தாலும் வரைபடம் 12 அல்லது 13 சதவீதத்தைத்தான் காட்டும். “சி.பி.யு. சும்மாதானே இருக்கு” என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. நான்கு வரைபடங்களும் தாழ்ந்து கிடக்கையில் கணினி தாமதித்தால், அது வலைப்பின்னலில் எங்கோ இருக்கும் ஒன்றின் பதிலுக்காகக் காத்திருக்கலாம், அல்லது வெப்பத்தால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கலாம்.

இனி இந்தக் கட்டுரையின் மையக் கேள்விக்கு வருகிறேன். மெதுவாதல் எந்தக் கால அளவில் வந்து போகிறது? ரீஸ்டார்ட் செய்தால் மறைந்து மறுபடி நாள்கணக்கில் வளர்கிறதா, காலையில் இல்லாமல் பிற்பகலில் வருகிறதா, ஏப்ரலில் இல்லாமல் மார்ச்சில் வருகிறதா, அல்லது எதைச் செய்தாலும் மீளாமல் ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறதா? என் அனுபவத்தில், எந்த மென்கருவியும் சொல்வதற்கு முன்பே இந்தக் கேள்வி காரணத்தின் திசையைக் காட்டிவிடுகிறது.

முதல் வகைக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ், டி.டி.பி. கடையில் பார்த்தது நல்ல எடுத்துக்காட்டு. 8 ஜி.பி. ரேமும் சுழலும் வன்தட்டும் உள்ள கணினி. டாஸ்க் மேனேஜரில் வன்தட்டின் வரைபடம் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்ததால், எனக்கு முன்னால் வந்து பார்த்தவர் வன்தட்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் முதலில் பார்த்தது அதுவல்ல. செயலியின் பக்கத்தில் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ‘அப் டைம்’ என்ற எண்ணைப் பார்த்தேன். கணினி நிற்காமல் 41 நாள்களாக ஓடுவதாக அது காட்டியது.

“டெய்லி நைட்டு ஷட்டவுன் பண்ணிட்டுத்தாண்ணே ஷட்டரை இறக்குறேன்” என்றார் கடைக்காரத் தம்பி.

அவர் சொன்னதில் பொய் இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால், பயனரின் நிரல்கள் மூடப்படும். ஆனால் இயக்க முறைமையின் கருவும் பின்னணிச் சேவைகளும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வன்தட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் காலையில் அப்படியே எழுப்பப்படும். கணினி வேகமாக விழித்துக்கொள்வதற்காகச் செய்த வசதி இது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் உண்மையில் புதிதாகத் தொடங்கும். ஆகவே “தினமும் அணைக்கிறேன்” என்ற பதிலை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அப் டைம் எண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வன்தட்டு ஏன் திணறியது என்பது அடுத்த பக்கத்தில் தெரிந்தது. ‘கமிட்டட்’ என்ற இடத்தில், நிரல்கள் கேட்டுப் பெற்றிருந்த நினைவகம் 8 ஜி.பி.யைத் தாண்டியிருந்தது. நிரல்களின் பட்டியலை நினைவகத்தின்படி வரிசைப்படுத்தியபோது, அச்சுப்பொறியோடு வந்த ஒரு பின்னணிச் சேவை மட்டும் ஏறத்தாழ 3 ஜி.பி.யைப் பிடித்துக்கொண்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்தவுடன் அதே சேவை 60 எம்.பி.யோடு அடக்கமாக உட்கார்ந்தது. பிறகு ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் அந்த எண்ணை மட்டும் எழுதி வைக்கச் சொன்னேன். நாளொன்றுக்கு 70 எம்.பி. அளவில் ஏறியதே தவிர ஒரு நாளும் இறங்கவில்லை. எழுபதை நாற்பத்தொன்றால் பெருக்கினால் 2,870 வருகிறது. வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க மறக்கும் இந்தக் குறையைத்தான் நினைவகக் கசிவு என்கிறார்கள். ஒவ்வொரு அச்சுக்கும் சேவை கொஞ்சம் கடன் வாங்குகிறது, திருப்பித் தருவதில்லை. இடமில்லாமல் போனதும் விண்டோஸ் மற்ற நிரல்களின் பொருள்களை வன்தட்டுக்கு அனுப்புகிறது. அவற்றைத் தேவைப்படும் போதெல்லாம் கன்னியாகுமரியிலிருந்து திரும்ப வரவழைக்க வேண்டியிருக்கிறது. வன்தட்டின் 100 சதவீதம் என்பது காய்ச்சல் மட்டுமே. காய்ச்சலுக்காக வன்தட்டை மாற்றியிருந்தால், எஸ்.எஸ்.டி.யின் வேகத்தில் கசிவு இன்னும் சில வாரங்களுக்கு மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். நினைவகம் நிறைந்திருப்பது எல்லாமே கசிவு ஆகாது. சும்மா கிடக்கும் நினைவகத்தில் அண்மையில் படித்த கோப்புகளை இயக்க முறைமை வைத்துக்கொள்வது நல்லதே, கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். கசிவுக்கு அடையாளம் அளவு அல்ல, இறங்காமல் ஏறும் போக்கு. இரண்டாவது, கசிவது எப்போதும் நினைவகமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. திரையில் படம் வரையப் பயன்படும் ‘ஜி.டி.ஐ.’ பொருள்கள் ஒரு நிரலுக்கு இயல்பாக 10,000 வரைதான் கிடைக்கும். அவற்றைத் திருப்பித் தராத நிரல் ஒன்று மாலைக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், பொத்தான்கள் பாதி வரையப்பட்டும் எழுத்துகள் மறைந்தும் திரை அலங்கோலமாகும். டாஸ்க் மேனேஜரின் ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்தில் ‘ஜி.டி.ஐ. ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து இந்த எண்ணிக்கையைப் பார்க்கலாம்.

பிற்பகலில் மட்டும் மெதுவாகும் கணினி என்றால், வட சென்னையில் நான் முதலில் திறப்பது கேபினெட்டின் பக்கத் தகட்டைத்தான். துறைமுகத்துக்கு வரிசையில் போகும் கண்டெய்னர் லாரிகள் எழுப்பும் தூசியும், காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்து, செயலியின் மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையே கம்பளி போல் ஒரு படலமாகப் படிந்துவிடுகின்றன. வறண்ட ஊரின் தூசி ஊதினால் பறந்துவிடும். இங்கே படிவது ஒட்டிக்கொள்ளும், தூரிகையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தகடு சூட்டை வெளியேற்ற முடியாதபோது செயலியின் வெப்பம் ஏறி, பல இன்டெல் செயலிகளுக்கு எல்லையாக உள்ள 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், தன்னைக் காத்துக்கொள்ள அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கணினி அணையாது, பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாமே நிதானமாக நடக்கும், அவ்வளவுதான். இந்தத் தூசி ஒரே நாளில் சேர்வதில்லை என்பதாலும், செயலிக்கும் தகட்டுக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்துபோகிறது என்பதாலும், போன கத்திரி வெயிலைத் தாங்கிய கணினி இந்தக் கத்திரியில் தடுமாறுகிறது.

இதை உறுதிசெய்வது எளிது. ஒரே வேலையைக் காலை எட்டு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் செய்து நேரத்தைக் குறியுங்கள். மூன்று மணிக்கு வேலை கனமாக ஓடும்போது, டாஸ்க் மேனேஜரில் செயலியின் ‘ஸ்பீடு’ அதன் அடிப்படை வேகத்துக்குக் கீழே போய் நின்றால், ஐயம் ஏறத்தாழத் தீர்ந்தது. விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ பதிவேட்டில் கெர்னல் பிராசஸர் பவர் என்ற தலைப்பின்கீழ் 37 என்ற எண்ணுள்ள குறிப்புகள் இருந்தால், செயலியின் வேகம் கீழ்மட்ட மென்பொருளால் கட்டுப்படுத்தப்பட்டதற்கு அது சான்று. தூசியை அகற்றும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ப்ளோயர் அடிக்கையில் விசிறி தாறுமாறாகச் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் வைப்பது, புதிய ரேம் வாங்குவதைவிடப் பல கடைகளில் அதிகப் பயன் தந்திருக்கிறது.

மாதக்கணக்கில் வளரும் மெதுவாதலில் சேமிப்புச் சாதனத்தின் பங்கு பெரிது. நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழலும் வன்தட்டு ஒரு சுற்றை 8.3 மில்லி விநாடியில் முடிக்கிறது. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வரும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய தகவல்களை விநாடிக்கு நூறு முறைக்கு மேல் அதனால் பெரும்பாலும் எடுக்க முடியாது. வட்டு நிறைய நிறையப் புதிய கோப்புகள் துண்டு துண்டாக எழுதப்படுகின்றன. ஒரே கோப்புக்காக முனை பல இடங்களுக்கு ஓடுகிறது. விண்டோஸ் விஸ்டா முதல் இந்தத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை வாரம் ஒரு முறை தானாகவே நடக்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. வட்டில் காலியிடம் இருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும்.

இதைவிட ஆபத்தானது, வட்டின் மேற்பரப்பு சில இடங்களில் பழுதாவது. படிக்க முடியாத இடத்தை வன்தட்டு பல முறை முயன்று பார்க்கும். அந்த விநாடிகளில் கணினி முழுவதும் உறைந்து நின்று, பிறகு எதுவும் நடக்காததுபோல் ஓடும். வரைபடத்தில் வட்டு 100 சதவீதம் மும்முரமாக இருந்தும் பரிமாறிய தரவு விநாடிக்கு ஒரு எம்.பி. கூட இல்லாமல், ‘ரெஸ்பான்ஸ் டைம்’ நூற்றுக்கணக்கான மில்லி விநாடிகளாக நின்றால் இதை ஐயுற வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவி, வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்புகளைப் படித்துக் காட்டும். அவற்றில் 5ஆம் எண் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளையும், அந்தக் கருவி ‘சி5’ என்று காட்டும் 197ஆம் எண் படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகளையும் குறிக்கின்றன. 197இன் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறினால் காரணம் தேடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். ‘சி7’ எனப்படும் 199ஆம் எண் மட்டும் ஏறினால், வட்டைக் குறை சொல்லும் முன் அதன் கேபிளை மாற்றிப் பாருங்கள். குற்றவாளி பல நேரங்களில் அந்தச் சிவப்பு நிறக் கேபிள்தான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதி இல்லாததால் அதற்கு இந்தத் துண்டாக்கல் தொல்லை கிடையாது. துண்டுகளை ஒன்றுசேர்க்கும் பழைய கருவிகளை அதன் மீது ஓட்டுவது தேவையற்ற தேய்மானம். ஆனால் அதற்கும் நிறைவு பிடிக்காது. அதில் ஒரு இடத்தில் மறுபடி எழுத வேண்டுமானால் ஒரு பெரிய தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். காலியிடம் குறையக் குறைய, எழுதும் முன் பழையதை நகர்த்தி இடம் செய்யும் வேலை அதிகரித்து எழுதும் வேகம் விழுகிறது. விலை குறைந்த எஸ்.எஸ்.டி.களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுவது என் வழக்கம். எழுதிப் பல வாரங்கள் தொடாத பழைய தரவு மட்டும் மெதுவாகப் படிக்கப்படும் விசித்திரமும் ஒரு முறை நடந்தது: சாம்சங் 840 ஈவோ வகையில் 2014இல் அந்தக் குறை தெரிந்து, அந்நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு உள் மென்பொருளுக்குத் திருத்தம் வெளியிட்டது.

கணினியில் எந்தக் குறையும் இல்லாமல் தரவு மட்டும் வளர்ந்திருக்கும் நேர்வை நான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் அடிக்கடி பார்க்கிறேன். பொருளடக்கம் இல்லாத கணக்குப் புத்தகங்களில் ஒரு வாடிக்கையாளரின் பழைய பில்லைத் தேடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். புத்தகம் ஒன்றாக இருந்தபோது ஒரு நிமிடம் ஆனது, பத்தாக இருக்கும்போது பத்து நிமிடம் ஆகும். பொருளடக்கம் போன்ற முறையான அட்டவணை (இண்டெக்ஸ்) இல்லாத பில்லிங் மென்பொருளும் இதையே செய்கிறது. ஏப்ரல் 1ஆம் தேதி புதிய நிதியாண்டுக்குப் புதிய கணக்குத் தொடங்கியதும் பறக்கும் கணினி, தீபாவளி கழிந்து மார்ச் நெருங்கும்போது ஒவ்வொரு பில்லுக்கும் யோசிக்கத் தொடங்கினால், அது தரவின் கைவரிசை. அதே கணினியில் அதே மென்பொருளில் வெறுமையான ஒரு புதுக் கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கே வேகமாக ஓடினால் ரேம், செயலி, வன்தட்டு மூன்றுக்கும் விடுதலை கொடுத்துவிடலாம். பழைய ஆண்டுகளைப் பிரித்து வைப்பதும், மென்பொருளில் அட்டவணைகளை மறுபடி கட்டும் வசதி இருந்தால் அதை ஓட்டுவதும்தான் வழி.

இத்தகைய கடைகளில் கல்லாவில் ஒரு கணினியும் உள்ளறையில் தரவு இருக்கும் கணினியும் தனித்தனியே இருப்பதால், மற்றொரு சோதனையும் தேவை. அதே பில்லை உள்ளறைக் கணினியிலேயே போட்டுப் பாருங்கள். அங்கும் மெதுவென்றால் தரவு அல்லது வட்டு. அங்கே வேகமென்றால் நடுவிலுள்ள பாதை. நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகளே போதும். உப்புக் காற்றில் இணைப்பானின் ஒரு முள் பச்சை பிடித்தாலோ, கம்பி ஒன்று உள்ளே அறுந்தாலோ, இணைப்பு அறுபடாமல் சத்தமின்றி 100க்கு இறங்கிவிடும். 1 ஜி.பி. கோப்பு நகலாகப் பத்து விநாடிக்குப் பதிலாக ஒன்றரை நிமிடம் ஆனால் இதுதான் காரணம். விண்டோஸ் அமைப்புகளில் ‘லிங்க் ஸ்பீடு’ என்ற வரியே இதைச் சொல்லிவிடும். முனையை வெட்டி இணைப்பானை மாற்றினால் முடிந்தது.

ஆண்டுக்கணக்கில் வரும் மெதுவாதலில், கணினி மாறாமல் அதன் மீதுள்ள சுமை மாறியிருப்பதும் உண்டு. 64 பிட் விண்டோஸ் 7 குறைந்தது 2 ஜி.பி. ரேம் கேட்டது, 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. கேட்கிறது. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளைப் போன்ற பழைய கருவிகளை இன்றும் வைத்திருப்பவர்கள், அவை கெட்டுவிட்டன என்கிறார்கள். கருவி அன்றைக்கு ஓடிய அதே வேகத்தில்தான் ஓடுகிறது; நாம் திறக்கும் இணையப் பக்கங்கள்தான் கனத்துவிட்டன. இதைப் பழுது என்று தேடிப் பயனில்லை. ரேமைக் கூட்டி வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவது பயன்தரும், சுமையைக் குறைப்பதும் பயன்தரும்.

கணினி தொடங்கும்போதே தாமாக ஓடும் நிரல்கள், ஒன்றோடொன்று மோதும் இரண்டு ஆன்டிவைரஸ்கள், தேவையற்ற பிரவுசர் நீட்சிகள் ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் விரித்து எழுதவில்லை. டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தில் வேண்டாதவற்றை நிறுத்தலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, நோட்டில் அளவைக் குறித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி வேகம் வந்தால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை நான் நிறுவுவதில்லை. அவற்றைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே தெரிவித்திருக்கிறது.

ஃபார்மேட்டை நான் அறவே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல. செய்வதென்று முடிவானால் அதையும் ஒரு சோதனையாகச் செய்யுங்கள். விண்டோஸ் மட்டும் நிறுவியதும் ஒரு முறை அளந்து, பிறகு ஒவ்வொரு மென்பொருளையும் நிறுவி, ஓரிரு நாள் ஓடவிட்டு மறுபடி அளந்தால், எந்தப் படியில் எண் தாவுகிறதோ அங்கே காரணம் இருக்கிறது. அந்த ஜெராக்ஸ் கடைக் கணினி, நான் போவதற்கு முன்னால் இரண்டு முறை ஃபார்மேட் ஆகியிருந்தது. இரண்டு முறையும் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக, அதே பென் டிரைவிலிருந்து, அந்த அச்சுப்பொறியின் மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.